ஊசியும் வேண்டும், நியாயமும் வேண்டும்



எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வரும் பெண்மணி மகாபலிபுரத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவள். விடியற்காலை கரையில் ஏலம் எடுத்து, கூடையை பஸ்ஸில் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். மழையானாலும் பண்டிகையானாலும் வாரத்தில் மூன்று நாள் தவற மாட்டாள். போன வருஷம் கோடை லீவில் ஒரு வாரம் ஆளையே காணோம். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தாள். முகத்தில் சுரத்தில்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"எனக்கு இன்னாக்கா? புள்ளைய நாய் கடிச்சிடுச்சி" என்றாள்.

எட்டு வயதுப் பையன். கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பங்களா. கேட் திறந்திருக்கிறது. அந்த வழியாகப் பந்து விளையாடிவிட்டுத் திரும்பியவனை வீட்டு நாய் பாய்ந்து கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ரத்தம் வந்திருக்கிறது. பையன் வீட்டில் மூச்சு விடவில்லை! கூட இருந்த பிள்ளைகள் சுண்ணாம்பைத் தடவி, 'அம்மாகிட்ட சொல்லாதே, வயித்துல பதினாலு ஊசி போடுவாங்க' என்று வேறு பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை கடித்தது, திங்கட்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும்போதுதான் தாயின் கண்ணில் பட்டது.

"அடிப்பேன்னு பயந்து மறைச்சிட்டான்க்கா. அந்தப் பக்கம் போவாதடான்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

நல்ல வேளையாக அன்றைக்கே பையனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். புண் ஆழமாக இருந்ததால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்களாம். அங்கே புண்ணைக் கழுவி, புண்ணுக்குள்ளேயே ஒரு மருந்து ஏற்றி, கையில் ஊசி போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை இரண்டாவது ஊசியும் ஆயிற்று.

"மூணாவது ஊசி எப்போம்மா?" என்றேன்.

"நேத்திக்குக்கா. போவல. ஒரு வாரமா ஏலத்துக்குப் போவல, கையில துட்டு இல்ல. புண்ணுதான் காஞ்சிடுச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடையை இறக்கச் சொல்லி, அவள் வீட்டுக்காரருக்கு அப்போதே போன் போடச் சொன்னேன். பையனைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் மூன்றாவது ஊசியைப் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சகோதரிகளே, நாய்க்கடியில் உயிரைக் குடிப்பது புண் அல்ல. 'காய்ந்துவிட்டதே' என்ற நினைப்புதான். ஆகவே இந்த இதழில் இரண்டு விஷயங்களைப் பேசப் போகிறேன். ஒன்று வைத்தியம். மற்றது, நாம் வாய் திறந்து கேட்கத் தயங்கும் நியாயம்.

முதலில் சோப்பும் தண்ணீரும்

கடித்த உடனே செய்ய வேண்டிய வைத்தியம் உங்கள் வீட்டுக் குழாயடியிலேயே இருக்கிறது. ஓடும் தண்ணீரில், சாதாரண சோப்புப் போட்டு, 15 நிமிஷம் புண்ணைக் கழுவ வேண்டும். 'தண்ணீரைக் காட்டினேன்' என்றால் போதாது. கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம்!

ஏன் என்றால், வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் வைரஸ் கிருமிக்கு மேலே கொழுப்பினாலான ஒரு உறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சோப்புப் பட்டதும் பிசுக்கு விட்டுப் போவதில்லையா? அதே மாதிரிதான், சோப்பு அந்த உறையைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. கழுவிய பிறகு, வீட்டில் அயோடின் மருந்து இருந்தால் தடவலாம். இரண்டு நாள் கழித்துத் தெரிய வந்தாலும் கழுவுவதை விடக் கூடாது.

சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி, மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் வைக்காதீர்கள். புண்ணை எரிச்சலாக்கி, கிருமியை உள்ளே தள்ளுவதற்குத்தான் அவை உதவும். துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தையல் போடுவதா, எப்போது போடுவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் மன நிம்மதிக்கு என்றால், ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும் வழியில் கட்டிக் கொள்ளுங்கள்!

எந்தக் கடிக்கு எந்த மருந்து?

டாக்டர்கள் இதை மூன்று ரகமாகப் பிரிக்கிறார்கள்.

நாயைத் தொட்டது, சோறு போட்டது, காயமில்லாத தோலில் அது நக்கியது ஆகியவை முதல் ரகம். கழுவினால் போதும், ஊசி தேவையில்லை.

ரத்தம் வராத சிறு கீறல், தோலை லேசாகக் கவ்வியது இரண்டாவது ரகம். கழுவுவதோடு தடுப்பூசியும் போட வேண்டும்.

பல் பதிந்து ரத்தம் வந்த கடி, அல்லது ஏற்கனவே இருக்கும் புண்ணிலோ, வாய், கண் போன்ற இடங்களிலோ எச்சில் பட்டது மூன்றாவது ரகம். இதற்குத் தடுப்பூசியோடு 'சீரம்' என்று சொல்லும் இம்யூனோகுளோபுலினும் அவசியம். நம் பையனுக்குப் புண்ணுக்குள் ஏற்றிய மருந்து இதுதான். தடுப்பூசி போட்டு, உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அதுவரை புண்ணின் வாசலில் நின்று காவல் காப்பது சீரம். இதை ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள். முதல் நாள் கிடைக்காவிட்டாலும், முதல் ஊசி போட்ட ஏழு நாளைக்குள் போட்டுவிட வேண்டும். 'தடுப்பூசி இருக்கிறது, சீரம் இல்லை' என்று சிறிய ஆஸ்பத்திரியில் சொன்னால், முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தடுப்பூசி நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்.

தேதிக் கணக்கையும் காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் நான்கு நாட்கள். முதல் ஊசி 1-ஆம் தேதி என்றால் அடுத்தவை 4, 8, 29 தேதிகளில். சதையில் போடும் முறையில் 15-ஆம் தேதியும் சேர்ந்து ஐந்து ஊசி. பெரியவர்களுக்குப் புஜத்திலும், சிறு குழந்தைகளுக்குத் தொடையிலும் போடுவார்கள். இடுப்புக்குக் கீழே பின்புறத்தில் போடக் கூடாது. நாள் தவறிப் போனால் பயந்து விட்டுவிடாதீர்கள், தெரிந்த அன்றைக்கே போய்ப் போடுங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், கைக்குழந்தைகள் எல்லோருக்கும் இந்த ஊசி போடலாம்.

வயிற்றில் பதினான்கு ஊசி என்பது பாட்டி காலத்துக் கதை. 1885-ஆம் வருஷம் ஜூலையில் பிரான்ஸில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். நம் பக்கத்தில் குன்னூரில் 1907-ஆம் வருஷம் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஏற்பட்டது. அந்நாளில் ஆட்டு மூளையிலிருந்து மருந்து தயாரித்ததால் அத்தனை ஊசி தேவைப்பட்டது. நம் நாட்டில் அந்தப் பழைய மருந்தை 2004-ஆம் வருஷத்தோடு நிறுத்தியாயிற்று. இதைக் குழந்தைகளிடம் அவசியம் சொல்லுங்கள். ஊசிக்குப் பயந்து கடியை மறைக்கும் குழந்தைகள் எத்தனையோ!

நாய் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். மகாபலிபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், ஒரு பூனை பின்கால்களில் நின்று தவம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை நம்பி எலிகள் சுற்றி நிற்கும். வீட்டுப் பூனையும் அப்படித்தான் சாதுவாக இருக்கும். ஆனால் பூனை கடித்தாலும், பிராண்டினாலும் இதே கழுவல், இதே ஊசிதான்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு"

பங்களாக்காரர்கள் இப்படித்தான் சொன்னார்களாம். சொல்லிவிட்டு, ஐந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, "உன் பையன்தான் சீண்டியிருப்பான்" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

நாய்க்கு ஊசி போட்டிருந்தால் நல்லதுதான். சீட்டை வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் அதை நம்பி நாமே சிகிச்சையை நிறுத்தக் கூடாது. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அந்தப் பத்து நாளும் காத்திருந்துவிட்டு ஊசிக்குப் போவது அல்ல. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டுதான் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நாய் ஆரோக்கியமாக இருந்தால், பாக்கி ஊசிகளைப் பற்றி டாக்டர் சொல்வார்.

இந்த நோய் பெரும்பாலும் கடித்த ஒன்றிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தலைகாட்டும். சிலருக்கு அதற்கு முன்பே வரலாம், சிலருக்கு ஒரு வருஷம் கழித்தும் வரலாம். கிருமி நரம்பு வழியாக மூளைக்கு நடந்து போகிறது. அதனால்தான் முகத்திலும் கழுத்திலும் கடிபட்ட குழந்தைகளுக்கு அவசரம் அதிகம். தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்க ஆரம்பித்துவிட்டால், பிறகு பிழைக்க வைக்க மருந்து இல்லை. 2024-ஆம் வருஷத்தில் மட்டும் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானவர்கள் ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம் பேர். வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். அத்தனை பேரின் வீட்டிலும் யாரோ ஒரு அம்மா, ஒரு மனைவி இருந்திருப்பாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வைத்தியம் இலவசம்தான். ஆனால் பஸ் செலவு? ஒரு வாரம் ஏலத்துக்குப் போகாத நஷ்டம்? வட்டிக்கு வாங்கிய கடன்? மூன்றாவது ஊசி தவறியதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, கையில் காசில்லாததுதான். நாய் வளர்ப்பவர் பொறுப்பை ஏற்றிருந்தால் அந்த ஊசி தவறியிருக்காது.

"போலீஸ்ல சொன்னியா?" என்றேன்.

"நமக்கெல்லாம் கோர்ட்டு கேஸு ஏதுக்கா? அவங்க பெரிய இடம்."

நம்மில் படித்தவர்களே இப்படித்தான் சொல்கிறோம். அக்கம்பக்கத்துப் பகை எதற்கு என்று வாயை மூடிக் கொள்கிறோம்.

2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 291-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக் கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289-ஆம் பிரிவு. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தடுக்கப் போன தாயும் காயப்பட்டாள். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அந்தச் சிறுமி பூங்காக் காவலாளியின் மகள்தான். பெரிய இடம், சின்ன இடம் என்று அந்தச் சட்டம் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. அபராதம் என்பது தண்டனை. நம் செலவுக்கும் நஷ்டத்துக்கும் ஈடு வேண்டுமென்றால், நாயின் சொந்தக்காரர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று காட்டி, நஷ்டஈடு தனியாகக் கேட்க வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு, ஆறப் போடக் கூடாது.

தெருநாய் கடித்தால் யாரைக் கேட்பது என்பீர்கள். அது ஊராட்சி, நகராட்சியின் பொறுப்பு. அங்கே எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் அந்த மாநிலங்களுக்கு ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தது. பதிந்த ஒவ்வொரு பல்லுக்கும் குறைந்தது பத்தாயிரம் ரூபாய்! கேரளத்தில் 2016-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட் ஒரு குழுவையே அமைத்தது, தெருநாய் கடித்தவர்களுக்கு நஷ்டஈடு சிபாரிசு செய்ய. 2025 நவம்பர் 7-ஆம் தேதி அதே சுப்ரீம் கோர்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் குழந்தையின் பள்ளிக்கூடத்து வாசலில் நாய்க் கூட்டம் இருந்தால், இதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வக்கீல் ஃபீஸ் இல்லாமல்

இனி சொல்லப் போவதைத் தயவு செய்து அடிக்கோடிட்டு வைத்துக் கொள்ளுங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம். ஏழைப் பெண்ணா, பணக்காரப் பெண்ணா, கணவருக்கு என்ன சம்பளம் என்று கேட்பதில்லை. பெண் என்பதே போதும்! வக்கீலையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள், கோர்ட் கட்டணமும் நாம் கட்ட வேண்டியதில்லை. மாவட்டக் கோர்ட் இருக்கும் இடத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழு. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். போனில் கேட்க 15100.

கேஸ் என்றால் வருஷக் கணக்கில் அலைய வேண்டும் என்ற பயமும் வேண்டாம். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி முடிக்கும் சமரச வழியும், லோக் அதாலத்தும் இருக்கின்றன. நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டிய அக்கம்பக்கத்தாருக்கு இதுவே நல்ல வழி.

ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது காகிதம். அதனால் கடித்த அன்றிலிருந்தே இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, ஊசித் தேதி எழுதிய அட்டை, மருந்துக் கடை பில்.

ஆஸ்பத்திரியில் 'நாய் கடித்தது, இன்னார் வீட்டு நாய்' என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டால் புரியும்.

புண்ணைக் கழுவிய பிறகு, கட்டுப் போடுவதற்கு முன் ஒரு போட்டோ. கிழிந்த துணியை எறிய வேண்டாம்.

பார்த்தவர்களின் பெயர், விலாசம். நாய் வளர்ப்பவரின் விலாசம்.

போலீஸில் கொடுத்த புகாரின் நகல். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

வேலைக்குப் போகாத நாட்கள், பஸ், ஆட்டோ செலவு. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதினால் போதும்.

வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்தோ கைநாட்டோ போடாதீர்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

எங்கள் மீன்காரப் பெண்மணி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனாலும் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் கூட அவள் தொலைக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருந்தாள், மீன் வாசனையோடு! மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். பங்களாக்காரர்களுக்குக் கடிதம் போயிற்று. இரண்டாவது முறை கூப்பிட்டபோது அந்த வீட்டு அம்மாளே வந்தாராம். போக்குவரத்துச் செலவு, வேலை இழந்த நாட்களுக்கான பணம் இரண்டையும் கொடுத்து, கேட்டுக்குத் தாழ்ப்பாளும் போடுவதாக எழுதிக் கொடுத்தார்கள். நான்காவது ஊசியும் தேதி தவறாமல் முடிந்தது.

"எவ்வளவும்மா கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"துட்டு கெடக்குதுக்கா, கடனுக்கே சரியாப் போச்சி. எம் புள்ள நாயைச் சீண்டலன்னு அந்தம்மா எல்லார் எதுருலயும் சொன்னாங்க பாரு, அதான் எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டே காரப்பொடியை நிறுத்துப் போட்டாள். இரண்டு கை கூடவே போட்டாள்.

சகோதரிகளே, இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: சாப்பிடும் நாயிடமும், தூங்கும் நாயிடமும், குட்டி போட்ட நாயிடமும் போகக் கூடாது. துரத்தினால் ஓடாமல் மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். அப்படியும் கடித்துவிட்டால், பிராண்டிவிட்டால், உடனே அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும். "எங்கே போயிருந்தாலும், என்ன தப்பு செய்திருந்தாலும், அதற்காக உன்னை அடிக்க மாட்டேன்" என்று உங்கள் வாயால் வாக்குக் கொடுங்கள். அந்தப் பையன் இரண்டு நாள் மறைத்தது நாய்க்குப் பயந்து அல்ல, அம்மாவின் அடிக்கும் அந்தப் பதினாலு ஊசிக்கும் பயந்துதான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.